பாட்டுப் பெட்டியில் படுத்த பூனை

நான் கயல்விழி, பதினோராம் வகுப்பு படிக்கிறேன். இந்தக் கடிதம் என்னுடையது இல்லை. திண்டிவனத்தில் இருக்கும் என் அண்ணன் பிரபுவுக்கு என் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவது. அம்மாவுக்கு எழுதத் தெரியும். ஆனால் இன்றைக்கு இருக்கும் கோபத்தின் வேகத்துக்குக் கை வராது என்று பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டாள். எதையும் கூட்டாமல், குறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அம்மாவின் பேச்சை எழுத்துத் தமிழாக்குவது மட்டும் என் வேலை. மற்றவர்கள் பேசியதை அவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். இனி 'நான்' என்று வருவதெல்லாம் அம்மா.

பிரபு,

நேற்று நீ "விடும்மா, அதான் வண்டி சரியாயிடுச்சே" என்று சொல்லிப் போனை வைத்தாயே, அந்த நிமிடத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி சரியாகிவிட்டது, எனக்கும் தெரியும். நான் வண்டியைப் பற்றியா உன்னிடம் பேசினேன்? இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. "ஏழுமலைக்கு யாரும் வண்டி குடுக்காதீங்க, டீசல் திருடறான்" என்று கார்த்திகையில் நீ உன் குரலில் பேசிப் போட்டாயே, நம் பக்கத்து டிராக்டர்காரர்கள் எல்லோரும் இருக்கும் அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே போடப் போகிறேன். பக்கத்து ஊர் கெடார்க்காரர்களும் காணைக்காரர்களும் அன்றைக்கு உன்னைக் கேட்டார்கள். இன்றைக்கு என்னைப் படிக்கட்டும். உன் அப்பா முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "புள்ளைக்குக் கல்யாணம் வெச்சிக்கினு இன்னாத்துக்குடி இந்த ரகள?" என்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீ நடுவிலிருந்து மட்டும்தான் நினைவு வைத்திருக்கிறாய். தீபாவளிக்கு நீ வந்தபோது, நீ வேலை பார்க்கும் கார் அலங்காரக் கடையிலிருந்து ஒரு பை நிறையச் சாமான் கொண்டுவந்தாய். நம் மினி டிராக்டருக்கு முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை எல்.இ.டி விளக்கு. சீட்டுக்குப் பின்னால் பாட்டுப் பெட்டி. அதற்குக் கீழே அதை அதிரவைக்கும் ஆம்ப்ளி. "இவ்ளோ பெரிய பாட்டுக்குப் பழைய பேட்டரி தாங்காதும்மா" என்று புது பேட்டரியும் போட்டாய். உன் தங்கை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். "அண்ணா, இந்த ஆம்ப்ளிக்கு சுவிட்ச் எங்க?" என்று அவள் கேட்டதும், "அதெல்லாம் பேட்டரிலேர்ந்து டைரக்டா இழுத்துட்டா ஜல்தி முடிஞ்சிடும், நீ போயி படி" என்று நீ சொன்னதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாயங்காலம் விளக்கைப் போட்டு, பாட்டைப் போட்டு, தெருவைச் சுற்றி ஓட்டினாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நம் வண்டியை ஓட்டும் ஏழுமலை அதைவிட அதிகம் சந்தோஷப்பட்டார். "இனிமே ஏர் ஓட்டறது ஏர் ஓட்டறாப்பல இருக்காதும்மா, தேர் இழுக்கறாப்பல இருக்கும்" என்றார்.

அடுத்த வாரமே காலையில் வண்டி எடுக்க மறுத்தது. சாவியைத் திருப்பினால் இன்ஜினைக் கிளப்பும் செல்ப் மோட்டார் சுற்றும், ஆனால் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல 'உர்ர்... உர்ர்...' என்று இழுக்கும், புகைகூட வராது. ஏழுமலை டீசல் பைப்பைக் கழற்றிக் காற்றை வெளியேற்றினார். காற்று வடிகட்டியைத் தட்டித் துடைத்தார். கடைசியில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டு, "கண்ணு பட்டுடுச்சிம்மா, தம்பி ரொம்ப ஜோடிச்சிட்டாரு" என்றார். அவர் ஒன்றும் மகான் இல்லை. டீக்கடைக்குப் போனால் டீ ஆறி, டம்ளர் கழுவி, கடைக்காரன் கணக்குப் பார்க்கும் வரை அங்கேதான் இருப்பார். ஆனால் அந்த வண்டியைத் தன் வண்டி மாதிரி துடைத்து வைப்பார். எப்படியோ பத்து மணி வெயில் ஏறினதும் நாலு பேர் தள்ளி வண்டி எடுத்துவிடும். மதியம் நிறுத்தி நிறுத்தி எடுத்தாலும் ஒரே தட்டில் எடுக்கும். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை. இந்த வித்தியாசத்தை நாம் யாரும் நின்று யோசிக்கவில்லை. உனக்குப் போன் போட்டோம். நீ திண்டிவனத்தில் இருந்துகொண்டே கண்டுபிடித்துவிட்டாய்: "டீசல்ல தண்ணி. பில்டரக் கழட்டிப் பாரு."

கழற்றினோம். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. இருக்கத்தான் செய்யும். டீசல் கேனின் மூடியைத் தொலைத்தது நான். தண்ணீர்க் குழாயடியில் கழுவ வைத்தேன், எங்கே போனதோ தெரியவில்லை. மூடிக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி வைத்திருந்தோம். கார்த்திகை மழை நான்கு நாள் அடித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பைக்கில் வந்து இறங்கினாய், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பில்டர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உன்னைவிட வயதில் எவ்வளவோ மூத்தவரைப் பார்த்து என்ன கேட்டாய் என்று இந்தக் குழுவில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

"இன்னாடா இது? டீசலா, கொளத்துத் தண்ணியா?"

"மழத்தண்ணி எறங்கியிருக்கும் தம்பி. கேனுக்கு மூடியில்ல. அம்மாவக் கேளு."

"கேனு தானா எழுந்து வந்து வண்டில ஊத்திக்குச்சா? நீதான ஊத்தற?"

"ஊத்தறது நான்தான். திருடறது நான் இல்ல."

"வாயப் பாரு. ரெண்டு லிட்டர் எடுத்துட்டு ரெண்டு லிட்டர் தண்ணி ஊத்தற வித்த எனக்குத் தெரியாதா?"

நான் விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தேன். மூடியைத் தொலைத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ போனை வாய்க்கு நேராகப் பிடித்துக் குழுவுக்குப் பேச ஆரம்பித்துவிட்டாய். பேசி முடித்த பிறகும் நான் எழுந்து சொல்லவில்லை. பிள்ளை பேசும்போது ஊரார் முன்னால் குறுக்கே பேசக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலை சாவியைத் துண்டில் துடைத்து, நான் உரித்துப் போட்ட தொலிக் குவியலின் மேல் வைத்தார். "வர்றேம்மா" என்று என்னிடம் சொன்னார். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தெரு திரும்பும்வரை நீ போனில் யார் யார் கேட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

சரி, திருடன் போய்விட்டான். வண்டி எடுத்திருக்க வேண்டுமே? டேங்கைக் காலி செய்து புது டீசல் ஊற்றினோம். புது பில்டர் போட்டோம். கேனுக்குப் புது மூடி வாங்கினேன். மறுநாள் காலையிலும் அதே 'உர்ர்'தான். அன்றைக்கே உனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். நீ என்ன சொன்னாய்? "பழைய தண்ணி பம்புல ஏறிப் பம்ப கெடுத்திருக்கும். எல்லாம் அவன் பண்ண வேல." வண்டி எடுக்காத ஒவ்வொரு நாளும் நீ அந்த மனிதர் மேல் இன்னும் ஒரு குற்றத்தை ஏற்றிக்கொண்டே போனாய். இல்லாத ஆள் மேல் ஏற்றுவது சுலபம், அவன் பதில் பேச மாட்டான்.

குழுவில் ஒருவர், மேட்டில் நிறுத்தி உருட்டி எடுங்கள் என்றார். நீயும் அதையே சொன்னாய். உன் அப்பா மோட்டார் கொட்டகைப் பக்கம் மண் கொட்டி வண்டிக்கென்றே ஒரு மேடு போட்டார். அவருக்கு முட்டி மடங்காது என்பதால் ஓட்டியது நான். ஒருநாள் அப்பா சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை எடுத்ததும் வண்டி உருண்டது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. பிரேக்கை மிதித்தேன், பனியில் நனைந்த மண்ணில் சக்கரம் வழுக்கியது. கயல் பள்ளிக்கூடப் பையோடு குறுக்கே வந்தாள். அவள் குதித்துத் தப்பினாள், வண்டி வைக்கோல் போரில் போய் நின்றது. நான் இறங்காமல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அதை உனக்குச் சொன்னபோது நீ சிரித்தாய். "வைக்கப்போர்தான, ஒன்னும் ஆவல." ஒன்றும் ஆகவில்லை, பிரபு. உன் தங்கை ஒரு அடி தள்ளி இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. இன்னொருவர், இன்ஜினுக்குக் காற்று போகும் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தார். வண்டியோடு வந்த புத்தகத்தில் தீப்பிடிக்கும் என்று போட்டிருப்பதைக் காட்டிக் கயல் அதைத் தடுத்தாள். நல்லவேளை. இதைப் படிக்கும் யாரும் அதைச் செய்யாதீர்கள்.

காணையிலிருந்து மெக்கானிக் வந்தார். டீசலைப் பீச்சும் நாசிலைக் கழற்றிப் பார்த்தார், அது சரியாக இருந்தது. "மத்தியானம் ஒரே தட்டுல எடுக்குது இல்ல? இன்ஜின் போன வண்டி அப்படி எடுக்காதும்மா. பேட்டரியப் பாருங்க" என்றார். நீ போனிலேயே குதித்தாய், "நான் வாங்கிக் குடுத்த புது பேட்டரி, அதுல கைய வெக்காத" என்று. உன்னைக் கேட்காமல் விழுப்புரம் பேட்டரிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு ராத்திரி வைத்திருந்து சார்ஜ் ஏற்றி, சோதித்து, "பேட்டரி ஜோரா இருக்கு" என்று கொடுத்தார்கள். வந்து மாட்டியதும் வண்டி சட்டென்று எடுத்தது. உன் அப்பா எலுமிச்சம்பழத்துக்குக் கும்பிடு போட்டார். மறுநாள் காலையில் மறுபடியும் 'உர்ர்'.

இப்போது உன் தங்கை செய்ததைச் சொல்கிறேன். தன்னைப் புகழ்ந்து சொல்ல வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். எழுதடி, உண்மையாக எழுதுவேன் என்று நீதானே சொன்னாய். நம் வீட்டுப் பூனை மார்கழிப் பனிக்கு எப்போதும் அடுப்படியில்தான் படுக்கும். இந்த வருடம் அங்கே காணோம். டிராக்டரில், சீட்டுக்குப் பின்னால், நீ போட்ட பெட்டியின் இடுக்கில் சுருண்டு கிடந்தது. தினமும் அங்கேயே. நானும் பார்த்தேன், உன் அப்பாவும் பார்த்தார், "பாட்டுக் கேக்குது போல" என்று சிரித்தோம். கயல்தான் ஒருநாள் விடிகாலையில் பூனையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் கையை வைத்தாள். என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, தொட்டுப் பாரு. வண்டி முழுக்க ஐஸ் மாதிரி இருக்குது, ஆம்ப்ளி மட்டும் சூடா இருக்குது. நேத்து சாயங்காலத்துலேர்ந்து சாவி வீட்டுலதான இருக்குது?"

தொட்டேன். ஈன்ற மாட்டின் மடி மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. நீ நேராக இழுத்த ஒயர், பிரபு. பாட்டை நிறுத்தினால் பாட்டுதான் நின்றது, ஆம்ப்ளி நிற்கவில்லை. ராத்திரி முழுக்க அது பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது. பகலில் வண்டி ஓடும்போது பேட்டரி மறுபடியும் நிறையும், அதனால்தான் மதியம் ஒரே தட்டில் எடுத்தது. கடையில் ஒரு ராத்திரி தனியாக இருந்தபோது அதைக் குடிக்க ஆள் இல்லை, அதனால்தான் மாட்டியதும் எடுத்தது. அன்றைக்குச் சாயங்காலம் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வைத்தோம். காலையில் மாட்டிச் சாவியைத் திருப்பினேன், முழுதாகத் திருப்பவில்லை, அதற்குள் எடுத்தது. நான் குதித்தேன். கயல் குதிக்கவில்லை. "ஒரு வாட்டி எடுத்தா தற்செயலா இருக்கலாம்மா" என்றாள். அடுத்த ராத்திரி பேட்டரியை முழுதாக மாட்டிவைத்து, உன் ஆம்ப்ளியின் ஒயரை மட்டும் பிடுங்கினோம். கடும் பனி. காலையில் ஒரே தட்டு. பூனை அடுப்படிக்கு வந்துவிட்டது.

குழுவில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், உபயோகப்படும். காலையில் எடுக்காமல் மதியத்தில் எடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். செல்ப் வேகமாகச் சுற்றியும் எடுக்கவில்லையென்றால் டீசல் பக்கம் போங்கள், பில்டர், காற்று, நாசில் என்று. செல்ப்பே சோம்பலாகச் சுற்றினால் பேட்டரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். பேட்டரி நல்லதென்றால், சாவி எடுத்த பிறகும் அதிலிருந்து எது குடிக்கிறது என்று பாருங்கள். வண்டி வாங்கிய பிறகு நாமாக என்ன மாட்டினோமோ அதில் தொடங்குங்கள். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் இதையெல்லாம் பாருங்கள்.

அன்றைக்கே கயலைக் கூட்டிக்கொண்டு ஏழுமலை வீட்டுக்குப் போனேன். மல்லாட்டைக்கு ஊரெல்லாம் உழவு ஓடும் மாதம் இது. நன்றாக ஓட்டத் தெரிந்த ஆளைத் தேடி வந்து கூப்பிடுவார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை. கரும்பு வெட்டப் போய்விட்டு, கையெல்லாம் சோகை இலை கிழித்த கோடுகளோடு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எங்களை உள்ளே கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள்.

"வண்டி நோவ பூன கண்டுபுடிச்சிச்சாமே, ஊரே பேசுது. எங்க ஊட்டு ஆளு மேல போட்ட பழிய எந்தப் பூனம்மா வந்து எடுக்கும்?"

"சும்மா இருடி, ஊடு தேடி வந்திருக்காங்க" என்றார் ஏழுமலை.

"ஏன் சும்மா இருக்கணும்? இவரு காதுல ஒருத்தன் போன வெச்சி, 'கேளு உன் பவுச'ன்னு உங்க புள்ள பேசுனதப் போட்டுக் காமிச்சிருக்கான். என் மவள இஸ்கூல்ல பேர் சொல்லிக் கூப்புடறதில்ல. 'டீசலு, டீசலு'ன்னுதான் கூப்புடறாங்க. அதுவும் சரியாயிடுச்சா?"

அந்தப் பெண் நந்தினி கயல் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படிக்கிறாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் கயலைப் பார்த்தேன், நிஜம்தான் என்று அவள் முகம் சொன்னது. டீ டம்ளரைக் கீழே வைத்தேன். மூடி தொலைத்தது நான்தான், ஒயர் இழுத்தது என் பிள்ளைதான், மறுபடியும் வண்டிக்கு வாங்க என்றேன். ஏழுமலை என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"உன் மேல எனக்கு ஒன்னும் இல்லம்மா. நீ இங்க வந்து சொல்றது உனக்கும் எனக்கும்தான் தெரியும். கெடாருக்குத் தெரியுமா? தம்பி எந்த வாயால குரூப்புல சொன்னாரோ, அந்த வாயால குரூப்புல சொல்லட்டும். அன்னிக்கு வர்றேன். அதுவரிக்கும் அந்த சீட்டுல என்னால ஒக்கார முடியாது."

இதைத்தான் நேற்று உன்னிடம் சொன்னேன். வேறு எதையும் கேட்கவில்லை. நீ சொன்ன பதிலையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். "இன்னாம்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்க. அவனாண்ட நான் சாரி கேக்கறதா? பொண்ணு ஊட்டுக்காரங்க அந்த குரூப்புல இருக்காங்க. என் மானம் போவும்." அப்படியென்றால் குழுவில் பேசினால் ஒரு மனிதனுடைய மானம் போகும் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும்தான் அன்றைக்குப் பேசினாய். தெரியாமல் பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. நம் உறவுக்காரர் ஒருவர் ஓட்டும் வண்டியில் இதே தண்ணீர் இருந்திருந்தால் நீ மழையைத் திட்டியிருப்பாய். அந்தத் தெருவிலிருந்து வரும் ஏழுமலை என்பதால்தான் மழை உன் கண்ணுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இந்தக் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

உனக்குத் தை மாதம் கல்யாணம். பெண் வீட்டாரும் இதைப் படிப்பீர்கள், படியுங்கள். என் பிள்ளை குடிக்க மாட்டான், சம்பாத்தியத்தை வீட்டில் கொடுப்பான், கைவேலை தெரிந்தவன். ஒன்று கெட்டால் தன் கைவேலையில் தப்பிருக்கிறதா என்று கடைசியாகத்தான் பார்ப்பான், அதுதான் அவனிடம் இருக்கும் கோளாறு. அதைக் கல்யாணத்துக்கு முன்னால் சரிசெய்து அனுப்புவது என் பொறுப்பு. பிரபு, நாளைக்கு உன் வீட்டில் ஏதாவது எடுக்காமல் நின்றால், அந்தப் பெண்ணை நோக்கி விரலை நீட்டுவதற்கு முன்னால் நீ இழுத்த ஒயரைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் வெட்கப்படாதே, பிடுங்கிப் போடு. முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த புத்திமதி இவ்வளவுதான்.

கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்து பீரோ மேல் இருக்கிறது. குலசாமிக்கு ஒன்று வைத்துவிட்டேன். மற்றது எதையும் பிரிக்கவில்லை, உன் தாய்மாமன் வீட்டுக்கும் இன்னும் கொடுக்கவில்லை. முதலில் உன் குரல் இந்தக் குழுவில் வர வேண்டும். தப்பாக எண்ணிவிட்டேன், புரளியாகிவிட்டது என்று வழவழவென்று இல்லை. 'ஏழுமலையண்ணன் டீசல் திருடவில்லை, கோளாறு நான் போட்ட ஒயரில்' என்று, அன்றைக்குப் பேசிய அதே சத்தத்தில். பிறகு வீட்டுக்கு வா. வெற்றிலை பாக்குத் தட்டில் முதல் பத்திரிகையை வைத்து எடுத்துக்கொண்டு ஏழுமலை வீட்டுக்கு நீயே போ. ஆள் விட்டு அனுப்பாதே, வாசலில் நின்று நீட்டாதே. உள்ளே போ, உட்கார், அவர் மனைவி திட்டினால் கேட்டுக்கொள், டீ கொடுத்தால் குடி. நந்தினியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவள் கையிலும் ஒரு பத்திரிகை கொடு. அதன் பிறகுதான் மற்ற பத்திரிகைகள் இந்த வீட்டைவிட்டு வெளியே போகும். உன் குரல் வரும்வரை மல்லாட்டைக்கு நானே ஓட்டிக்கொள்கிறேன்.

இது கயல். அம்மா சொன்னது இத்துடன் முடிந்தது. இதை மட்டும் உனக்குத் தனியாகப் பிறகு எழுதுகிறேன். பாதியில் கரண்ட் போய்விட்டதால், டிராக்டரின் பின்பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நீ போட்ட எல்.இ.டி வெளிச்சத்தில்தான் மீதியை எழுதினேன் அண்ணா. விழுப்புரம் எலக்ட்ரீஷியன் வந்து ஆம்ப்ளிக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்திருக்கிறார். முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பாவும் கேட்டார், "பொண்ணு ஊட்டு வரிய மட்டும் எடுத்துடேன்" என்றார். அம்மா எடுக்க விடவில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன், அனுப்பும் பொத்தானை அம்மாதான் அழுத்தினாள். ஏழுமலை அண்ணனுக்குச் சொந்த வண்டி கிடையாது, அதனால் அவர் அந்தக் குழுவில் இல்லை. எழுதிய இந்தத் தாள்களை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் நந்தினியிடம் கொடுத்துவிடுவேன். இடைவேளையில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். அவளுக்குக் கூச்சமாக இருந்தால் நானே படிப்பேன்.

நீ பார்த்துவிட்டாய் என்று போனில் தெரிந்தது. உன் குரல் வருமா என்று காத்திருந்தோம், வரவில்லை. பிறகு அம்மா எழுந்து, "லைட்ட அமத்துடி, காலைல வண்டி எடுக்கணும்" என்றாள். ஆம்ப்ளியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன்.